பலகை காயட்டும்

ஐப்பசி அடைமழையில் இழுத்துச் சாத்தினாலும் மூடாத மரக்கதவு, பங்குனி வெயில் வந்ததும் தானாகத் தளர்ந்துவிடும். பழைய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் கதவு எங்கே உரசுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பக்கவாட்டில்தான், தாழ்ப்பாள் இருக்கும் ஓரத்தில். உயரவாக்கில் வளர்ந்து மேலே நிலையில் முட்டிக்கொள்வதில்லை. கதவின் அகலம் மூன்றடி, உயரம் ஆறடிக்கு மேல். வீங்குவதென்றால் உயரம்தானே கூடுதலாக வீங்கவேண்டும்?

இந்தப் புதிரின் இன்னொரு முகம் கனடாவில் இருக்கிறது. டொராண்டோவின் பழைய வீடுகளில் தரை பெரும்பாலும் ஓக் மரம். இரண்டேகால் அங்குல அகலப் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து ஆணியடித்திருப்பார்கள். ஸ்கார்பரோ பக்கம் அப்படியொரு வீட்டை வாங்கிக் குடிபோகும் தமிழ்க் குடும்பத்துக்கு முதல் ஜனவரியில் ஒரு கவலை வரும். வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும். உள்ளே பலகைகளுக்கு நடுவே நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவுக்கு இடைவெளி திறந்திருக்கும். ஜூலையில் அதே இடைவெளிகள் இருந்த இடம் தெரியாமல் மூடிக்கொள்ளும். பனியில் ஊரே நனைந்து கிடக்கும்போது மரம் ஏன் காய்கிறது?

மரத்தரையில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை, அவற்றைச் சரிசெய்யும் வழியையும் சேர்த்து, இந்த இரண்டு கேள்விகளிலிருந்தே புரிந்துகொள்ளலாம். கருவிகளும் பசைகளும் விற்பவர்கள் வேறு வரிசையில் சொல்வார்கள். என்னைக் கேட்டால், மரத்துக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

மரத்துண்டை உருப்பெருக்கியில் பார்த்தால் நீள நீளமான நுண்குழல்கள் தெரியும். மரம் உயிரோடு நின்றபோது வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோனவையும் தண்டைத் தாங்கி நின்றவையும் இவைதான். அறுத்த பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. குழலின் உள்வெளியில் நிற்பது ஒன்று. அதைக் கட்டற்ற நீர் என்போம். குழலின் சுவருக்குள்ளேயே, சுவரை ஆக்கியிருக்கும் செல்லுலோஸ் முதலிய மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொண்டிருப்பது மற்றொன்று. அது கட்டுண்ட நீர். மரம் காயும்போது கட்டற்ற நீர்தான் முதலில் போகிறது. அது போவதால் எடை குறையும், அளவு அநேகமாக மாறாது. உள்வெளி முழுக்கக் காலியாகி, சுவரில் மட்டும் நீர் நிறைந்திருக்கும் ஒரு கட்டம் வரும். அதற்கு நார் நிறைவுப் புள்ளி என்று பெயர் வைத்துக்கொள்வோம். பெரும்பாலான மரங்களில், காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 28 முதல் 30 சதவீதம் நீர் இருக்கும்போது இந்தப் புள்ளி வருகிறது. இதற்குக் கீழே போகும் ஒவ்வொரு துளியும் சுவரிலிருந்தே போகிறது. மரம் சுருங்கத் தொடங்குவது இங்கேதான்.

இப்படியொரு புள்ளி இருப்பதை அமெரிக்க வனத்துறையில் வேலை செய்த ஹாரி டீமன் 1906இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அவர் அளந்தது மரத்தின் வலிமையை. வெவ்வேறு ஈரத்தில் இருக்கும் துண்டுகளை முறித்துப் பார்த்தார். பச்சை மரத்தைக் காயவிட்டால் நெடுநேரம் வரை வலிமையில் மாற்றமே இல்லை. குறிப்பிட்ட ஈரத்துக்குக் கீழே போனதும் வலிமை விறுவிறுவென்று ஏறியது. வலிமை திடீரென்று ஏறுகிறதென்றால், நீர் அதுவரை வெளியேறிய இடம் வேறு, இப்போது வெளியேறும் இடம் வேறு என்று பொருள். நுண்குழலின் சுவரைக் கண்ணால் பார்க்காமலே, முறித்துப் பார்த்தே அந்த எல்லையைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஈரத்தின் அளவைப் பிழையில்லாமல் சொல்ல எளிய வழி ஒன்று உண்டு. துண்டை எடைபோடவேண்டும். 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வைத்து, இனி எடை குறையாது என்னும்வரை காயவிட்டு மறுபடி எடைபோடவேண்டும். குறைந்த எடைதான் நீர். அதைக் காய்ந்த எடையால் வகுத்தால் ஈரத்தின் சதவீதம். காய்ந்த எடையோடு ஒப்பிடுவதால், அப்போதுதான் அறுத்த மரத்தில் ஈரம் நூறு சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. மரத்தைவிட அதற்குள்ளிருக்கும் நீரின் எடை அதிகம், அவ்வளவுதான்.

இனி, கதவு ஏன் அகலத்தில் மட்டும் வீங்குகிறது? குழலின் சுவருக்குள் செல்லுலோஸ் மூலக்கூறுகள் மெல்லிய இழைகளாகத் திரண்டு, கிட்டத்தட்ட குழலின் நீளவாக்கிலேயே படுத்திருக்கின்றன. ஊடுகதிர்ச் சிதறல் முறையில் அவற்றின் சாய்வை அளக்கமுடிகிறது. சுவரின் தடித்த அடுக்கில் இழைகள் அச்சிலிருந்து சிறிதளவே சாய்ந்திருக்கின்றன. சுவருக்குள் புகும் நீர் இழைகளுக்கு நடுவே நுழைந்து அவற்றை விலக்குகிறது. இழையை அதனால் நீட்டமுடியாது. ஆகவே வீக்கமெல்லாம் குறுக்குவாட்டில்தான்.

இந்த விளக்கம் சரிதான் என்பதற்கு இயற்கையே ஒரு சான்று தருகிறது. மலைச்சரிவில் சாய்ந்து வளரும் ஊசியிலை மரங்கள், சாய்வின் கீழ்ப்பக்கத்தில் வேறு மாதிரியான மரத்தை உருவாக்கிக்கொள்கின்றன. அந்த மரத்தில் சுவரின் இழைகள் வெகுவாகச் சாய்ந்திருக்கும். இழை விலகும்போது வீக்கத்தின் ஒரு பங்கு நீளத்துக்கும் போகவேண்டும் அல்லவா? அப்படியேதான் நடக்கிறது. சாதாரண மரம் முழுக்கக் காயும்போது நீளத்தில் 0.1 அல்லது 0.2 சதவீதம் சுருங்கும். இந்த வகை மரம் அதைப்போலப் பல மடங்கு சுருங்குகிறது. இழையின் சாய்வு மாறியதும் சுருக்கத்தின் திசையும் மாறிவிட்டது.

குறுக்குவாட்டிலும் இரண்டு திசைகள் உண்டு. ஆண்டு வளையத்தோடு ஒட்டிப் போகும் திசையில் சிவப்பு ஓக் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை 8.6 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து பட்டையை நோக்கிப் போகும் ஆரத் திசையில் 4 சதவீதம்தான். நடுவிலிருந்து பட்டைவரை ஓடும் கதிர்த்திசுக்கள் அந்தத் திசையில் சுருக்கத்தைத் தடுத்துப் பிடிப்பது இதற்கு ஒரு காரணம். தேக்குக்கு இந்த எண்கள் 5.8, 2.5. தேக்கை ஏன் கொண்டாடுகிறார்கள் என்பதற்கு, கறையான் எளிதில் அண்டாது என்பதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். மழைக்கும் வெயிலுக்கும் அது அதிகம் அசைந்துகொடுப்பதில்லை. இந்த எண்களை அளந்து தொகுத்ததில் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் 1910இல் தொடங்கிய வனப்பொருள் ஆய்வகத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

கனடாவின் குளிர்காலத்துக்கு வருவோம். மரம் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றோடு ஓயாமல் நீரைக் கொடுத்து வாங்குகிறது. கொடுப்பதும் வாங்குவதும் சரியாகும் நிலையில் மரத்தில் இருக்கும் ஈரம்தான் சமநிலை ஈரம். காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது ஒப்பு ஈரப்பதம். அது 30 சதவீதமாக இருந்தால் மரத்தின் சமநிலை ஈரம் சுமார் 6. ஒப்பு ஈரப்பதம் 50 என்றால் சுமார் 9, 65 என்றால் 12. பனி கொட்டும் ஊரில் வெளிக்காற்று ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவியே இரண்டு கிராம் சொச்சம்தான். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடானால் 18 கிராம் தாங்கும். கையிருப்போ அதே இரண்டு கிராம். எட்டில் ஒரு பங்குகூட நிரம்பாத காற்று, தாகத்தோடு மரத்தை உறிஞ்சுகிறது. சமையலும் குளியலும் மூச்சும் ஓரளவு ஈடுகட்டினாலும், சூடேற்றிய வீட்டின் காற்று குளிர்காலம் முழுக்க வறண்டே கிடக்கும்.

கோடைக்கும் குளிருக்கும் நடுவே ஓக் பலகையின் ஈரம் நான்கு சதவீதப் புள்ளிகள் மாறுவதாக வைத்துக்கொள்வோம். 57 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகை ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் சுருங்கும். நாணயத்தின் விளிம்பு நுழைவது இதனால்தான். நான்கு மீட்டர் அகலமுள்ள அறையில் இப்படி எழுபது பலகைகள் இருக்கும். அத்தனையும் சேர்ந்தால் ஆறு சென்டிமீட்டர்! ஒவ்வொரு பலகையும் தனித்தனியாக ஆணியடித்து நிற்பதால் அந்த ஆறு சென்டிமீட்டரும் எழுபது சிறு இடைவெளிகளாகப் பிரிந்துபோகிறது.

ஆகவே ஜனவரியில் திறக்கும் இடைவெளியைப் பசையும் மரத்தூளும் குழைத்து அடைக்காதீர்கள். ஜூலையில் பலகை மறுபடி வீங்கும். போக இடம் இருக்காது. அடைத்ததைப் பிதுக்கித் தள்ளும், அல்லது தன் ஓரத்தையே நசுக்கிக்கொள்ளும். குளிர்காலத்தில் காற்றுக்கு ஈரமூட்டும் கருவி வைத்து, ஒப்பு ஈரப்பதம் 35, 40 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதே இதற்குச் சரியான மருந்து. அதையும் மிஞ்சவிடக்கூடாது. சன்னல் கண்ணாடியில் நீர் வழியத் தொடங்கினால் கருவியைக் குறைத்துவிடவேண்டும். கோடையிலும் மூடாத இடைவெளிதான் பழுது. அதைக் கோடையிலேயே அடைக்கலாம்.

நசுங்குவது என்றேனே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். தளர்ந்துபோன சுத்தியல் பிடியைத் தண்ணீரில் ஊறவைத்தால் இறுகிவிடும் என்று பலர் செய்கிறார்கள். இறுகத்தான் செய்கிறது. ஆனால் காய்ந்தபின் முன்னைவிட அதிகம் ஆடும். மரவியல் பேராசிரியர் புரூஸ் ஹோட்லி 1980இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் இதன் காரணத்தை விளக்கியிருக்கிறார். சுத்தியல் தலையின் இரும்புத் துளைக்குள் மரம் வீங்கப் பார்க்கிறது. இடமில்லாததால் தன் குழல்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. குறுக்குவாட்டில் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் அமுங்கினாலே மரம் பழைய வடிவத்துக்கு முழுக்கத் திரும்பாது. பிறகு காயும்போது, நசுங்கிய அளவிலிருந்து இன்னும் சுருங்குகிறது. இதை நசுங்கல் சுருக்கம் எனலாம். ஒருமுறை வெள்ளத்தில் ஊறிய தரையில் என்றைக்கும் மூடாத இடைவெளிகள் தங்கிவிடுவது இதனால்தான்.

பருவம் மாறுவதால் வரும் அசைவை மரத்தரை ஆண்டுக்கணக்கில் தாங்கும். சமையலறைக் குழாயிலிருந்தோ பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்தோ ஒழுகும் நீர்தான் தரையைக் கெடுக்கிறது. ஒழுகிய நீர் பலகைகளின் இணைப்பு வழியே கீழே இறங்கி, அடித்தளப் பலகையில் தேங்குகிறது. ஓக் பலகையின் மேற்புறத்தில் வார்னிஷ் இருக்கிறது. அடிப்புறம் பூச்சில்லாத வெறும் மரம். நீர் அடியிலிருந்து ஏறுகிறது, அடிப்பாகம் வீங்குகிறது, மேற்பாகம் அப்படியே இருக்கிறது. மொட்டைமாடியில் காயவைத்த அப்பளம் ஒருபக்கம் மட்டும் முதலில் காய்ந்து, காய்ந்த பக்கம் நோக்கிச் சுருள்வதைப் பார்த்திருப்பீர்கள். பலகையும் அப்படித்தான் ஓரங்கள் மேலே தூக்கி, நடு குழிந்து வளைகிறது. வெறுங்காலோடு நடந்தால் ஒவ்வொரு இணைப்பும் உள்ளங்காலில் தட்டும்.

இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். தூக்கிய ஓரங்களை இயந்திரத்தால் தேய்த்துச் சமப்படுத்திவிடலாம் என்று தோன்றும். தேய்த்தால் அன்றைக்குத் தரை கண்ணாடிபோல் ஆகிவிடும். ஆனால் அடியில் ஈரம் இன்னும் போகவில்லை. சில வாரங்களில் அது காயும், பலகை தன் பழைய தட்டையான வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். இப்போது ஓரங்களில் மரம் இல்லை, தேய்த்து எடுத்தாயிற்று. நடு மேடாகவும் ஓரங்கள் பள்ளமாகவும் பலகை கூன்விழும். அதைச் சமப்படுத்த மறுபடி தேய்க்கவேண்டும். முக்கால் அங்குலப் பலகையில் கோப்புக்கு மேலே இருக்கும் மரம் கால் அங்குலம் அளவே. எத்தனை முறை தேய்க்கமுடியும்? காயும்வரை விட்டுவைத்திருந்தால், வளைந்த பலகைகளில் பல தானாகவே நிமிர்ந்திருக்கும்.

காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுச் சொல்லமுடியாது. இரண்டு ஊசிகள் கொண்ட ஈரமானி என்ற சிறு கருவி இருக்கிறது. ஊசிகளை மரத்தில் குத்தினால் அவற்றுக்கிடையே மின்தடையை அளக்கும். உலர்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது. ஈரம் ஏற ஏறக் கடத்தத் தொடங்கும். ஈரம் 7 சதவீதத்திலிருந்து 25க்குப் போகும்போது மின்தடை பல்லாயிரம் மடங்கு குறைந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய மாற்றம் இருப்பதால்தான் விலை குறைந்த கருவிகூடப் பயன்படுகிறது. நார் நிறைவுப் புள்ளிக்கு மேலே இந்த அளவீட்டை நம்பமுடியாது. அது பரவாயில்லை, தரைக்கு நமக்கு வேண்டியது அதற்குக் கீழேயுள்ள பகுதிதான். நனையாத அறையில் ஒரு பலகையை அளந்து அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நனைந்த பலகை அதற்குப் பக்கத்தில் வரவேண்டும். கீழ்த்தளத்திலிருந்து எட்டமுடிந்தால் அடித்தளப் பலகையையும் அளக்கவேண்டும். குறுகிய பலகைகளானால் அடித்தளத்துக்கும் தரைப்பலகைக்கும் நான்கு புள்ளிகளுக்குள்ளும், மூன்று அங்குலத்துக்கு மேற்பட்ட அகலப் பலகைகளானால் இரண்டு புள்ளிகளுக்குள்ளும் வித்தியாசம் இருக்கவேண்டும் என்பது தொழில்காரர்கள் கைக்கொள்ளும் அளவு.

எவ்வளவு நாள்? மரத்தின் குறுக்கே நீர் ஊடுருவும் வேகம் மிகக் குறைவு. தடிமன் இரண்டு மடங்கானால் காயும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே நாட்களை மறந்துவிட்டு வாரங்களில் எண்ணுங்கள், சிலவேளை மாதங்களும் ஆகும். தேங்கிய நீரை ஓரிரு நாளுக்குள் உறிஞ்சி எடுத்துவிடவேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும். அதற்குப்பின் ஈரம் உறிஞ்சும் கருவியை நிதானமாக ஓடவிடலாம். மேலிருந்து சூடான காற்றைப் பாய்ச்சினால் மேற்பாகம் மட்டும் சுருங்கி வளைவு இன்னும் கூடும். 20 சதவீதத்துக்குக் கீழே உலர்ந்த மரத்தில் மரத்தை அரிக்கும் காளான் வளர்வதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். பொறுமையாகக் காயவிட்டாலும், முதலில் அந்த எல்லைக்குக் கீழே வந்தாகவேண்டும்.

காய்ந்தபின் கறைகள் நிற்கும். வெண்மையான வளையம் என்றால் கவலையில்லை. வார்னிஷ் படலத்துக்குள் சிக்கிய நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதுதான் அது, மரத்தைத் தொடவில்லை. கருநீலக் கறை வேறு கதை. ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். ஆணியிலிருந்து கரைந்த இரும்பு நீரோடு சேர்ந்து வந்து டானினைச் சந்தித்தால் கரிய சேர்மம் உண்டாகிறது. கடுக்காயில் இருப்பதும் டானின்தான். கடுக்காய்ச் சாறு தோய்த்த துணியில் இரும்புக் கரைசலைத் தொட்டு எழுதினால் கறுப்புக் கோடு விழும். கலம்காரி ஓவியர்கள் கறுப்பை இப்படித்தான் வரவழைக்கிறார்கள். நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் ஏடெழுதப் பயன்பட்ட மையும் இதே வேதியியல்தான். தரையில் விழுந்த கறையும், அந்த மையும், துணியில் இருக்கும் கறுப்பும் ஒன்றுக்கொன்று உறவு.

பலகையின் முனைகளில் இந்தக் கறை அதிகமாக இருப்பதைக் காணலாம். நீளவாக்கில் குழல்கள் திறந்திருப்பதால், குறுக்குவாட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக முனை வழியே நீர் புகுகிறது. மரத்துக்குள் இறங்கிய கறையைத் தேய்த்து எடுப்பது கடினம். ஆக்சாலிக் அமிலத்தால் கரைத்து எடுக்கலாம். அது டானினிடமிருந்து இரும்பைப் பிரித்துத் தன்னோடு இழுத்துக்கொள்கிறது, அந்தச் சேர்மம் நீரில் கரையும். முதலில் வார்னிஷை நீக்கவேண்டும், பிறகு வெந்நீரில் கரைத்த அமிலத்தைத் தடவி, நேரம் கொடுத்து, நல்ல நீரால் பலமுறை துடைக்கவேண்டும். இந்த அமிலம் நஞ்சு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. குளோரின் கலந்த வெளுப்பான்களோடு சேர்த்தால் நச்சுவாயு வரும். சரியாகத் துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் மிஞ்சிய படிகங்கள் தூளாகி மூச்சுக்குள் போகும். இவ்வளவும் செய்தபின் மரம் மறுபடி நனைந்திருக்கிறது என்பதை மறக்கவேண்டாம். ஈரமானியை மறுபடி எடுக்கவேண்டும்.

நீரே மருந்தாகும் இடமும் உண்டு. கனமான பொருள் விழுந்து பலகையில் பள்ளம் ஏற்பட்டால், குழல்கள் நசுங்கியிருக்கின்றன, அறுபடவில்லை என்று பொருள். ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப்பெட்டியைச் சில நொடிகள் வைத்தால், வெப்பமும் ஆவியும் சேர்ந்து குழலின் சுவரை இளக்குகின்றன. நீரை வாங்கிய சுவர் வீங்கி, பள்ளம் மேலெழுகிறது. பூச்சு ஆவியை உள்ளே விடாவிட்டால் இது பலிக்காது. கூர்மையான பொருள் குத்தி நார் அறுந்திருந்தாலும் எழாது.

சில பலகைகள் அழுகியோ பிளந்தோ போயிருக்கும். அவற்றை மாற்றத்தான் வேண்டும். ஒரு பலகையின் ஓரத்து நாக்கு அடுத்ததன் காடிப் பள்ளத்துக்குள் நுழைந்து கோத்திருப்பதால் நடுவிலிருந்து ஒன்றை உருவமுடியாது. பழுதான பலகையின் நடுவில் நீளவாக்கில் இரண்டு கோடுகள் அறுத்து, நடுத்துண்டை உளியால் பெயர்த்து, பிறகு ஓரங்களை உள்ளே மடக்கி எடுக்கவேண்டும். புதுப்பலகையின் காடியில் அடி உதட்டைச் சீவிவிட்டால் மேலிருந்து இறக்கிப் பொருத்தலாம். வாங்கிய அன்றே அடித்துவிடாமல், அதே அறையில் பிரித்து வைத்து, பழைய பலகையின் ஈரத்துக்கு வரும்வரை காத்திருக்கவேண்டும். கடையில் தேர்ந்தெடுக்கும்போது முனையைத் திருப்பி ஆண்டு வளையங்களைப் பாருங்கள். வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால், அதன் அகலம் ஆரத் திசையில் அமைந்திருக்கிறது. பருவம் மாறும்போது, வளையங்கள் முகத்துக்கு இணையாகப் படுத்திருக்கும் பலகையின் அசைவில் பாதிதான் இதற்கு இருக்கும். ஒட்டும்போது பசையை ஒருபக்க நாக்கில் மட்டும் தடவினால் போதும். இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டால், அடுத்த குளிர்காலத்தில் சுருங்க இடமில்லாமல் பலகை நடுவே பிளக்கும்.